அத்தியாயம் 6: மருந்து வாங்க வந்தவரின் நாளை அளப்பது

எச்.ஐ.வி. உள்ளோருக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தின் மாத அறிக்கையைப் புரட்டினால், மருந்தில் இருப்பவர்கள் எத்தனை பேர், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) பரிசோதனை முடிந்தவர்கள் எத்தனை பேர், அதில் 1,000க்குக் கீழ் வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளலாம். மூன்றும் தேவையான எண்கள். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியதிலிருந்து பிழைத்திருக்கும் உயிர்களின் கணக்கு இவற்றில்தான் இருக்கிறது. ஆனால் கர்நாடகத்தின் கொள்ளேகால் பக்கம், ஹனூருக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் விடியற்காலை பஸ் ஏறியவருக்கு, மாத்திரை டப்பாவோடு வீடு திரும்பும்வரை என்னென்ன நடந்தது என்பது அந்த அறிக்கையில் ஓரிடத்திலும் வராது. அதை எண்ணிக் கணக்கிடும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆலோசகர்கள், களப்பணியாளர்கள், எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகளில் இருப்பவர்கள் யாரும் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைதான் இது.

"நல்ல மாத்திரை இருக்கிறது, இலவசமாகக் கொடுக்கிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று சில அதிகாரிகள் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இரண்டு ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஜாம்பியா நாட்டின் லுசாகா மாகாணத்தில் நடந்தது, 2018இல் வெளிவந்தது. சிகிச்சையை இடையில் விட்டவர்களைத் தேடிப் பிடித்து, எப்படிப்பட்ட மருத்துவமனை இருந்தால் திரும்பி வருவீர்கள் என்று கேட்டார்கள். கடுகடுப்பான ஊழியருக்குப் பதில் கனிவான ஊழியர் கிடைப்பார் என்றால் 45 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்யவோ, 19 மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கவோ அவர்கள் தயாராக இருந்தார்கள் என்று கணக்கில் வந்தது. 45 கிலோமீட்டர் என்பது கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குப் போகும் வழியில் பாதிக்கு மேல். இரண்டாவது நம் தென்னிந்தியாவிலேயே நடந்தது. மூன்று சிகிச்சை நிலையங்களில் 631 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வாரந்தோறும் கைப்பேசியில் நினைவூட்டல் அழைப்பும் படச்செய்தியும் அனுப்பினார்கள். 2014இல் முடிவு வெளிவந்தபோது, அழைப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வைரஸ் கட்டுப்பாட்டில் வித்தியாசம் இல்லை. மறதி ஒன்றுதான் காரணம் என்றால் போன் மணி அதைத் தீர்த்திருக்கும். மருந்து விட்டுப்போவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டறிய ஒரு ஆள் எதிரே உட்கார வேண்டும்.

இந்த ஊரின் சங்கதி

கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த தாலுகா. பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. எல்லை மாறியதே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. பாலாறு, நால்ரோடு பக்கம் போனால் இன்றைக்கும் தமிழ்தான் காதில் விழும். மருத்துவமனையிலோ பதிவேடு ஆங்கிலம், ஆலோசனை கன்னடம். கடைத்தெருவில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்கூட, தாம்பத்தியம் பற்றியோ ஆணுறை பற்றியோ கேட்டால் தாய்மொழியில்தான் வாய் திறப்பார். அதனால் உங்கள் கேள்வித்தாள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். இரண்டும் பேச்சு வழக்கில் இருக்க வேண்டும்.

தூரத்தையும் இங்கே கவனமாக எடைபோட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து மையம் என்றால் நல்லது என்று திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். நிலையாக இருக்கும் நோயாளிகளைப் பக்கத்து இணைப்பு மையத்துக்கு மாற்றிவிட்டு அதைச் சாதனையாகவும் எழுதுகிறார்கள். ஆனால் உறவுக்காரர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே மேட்டூருக்கோ சத்தியமங்கலத்துக்கோ மைசூருக்கோ போய் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தத் தூரம்தான் பாதுகாப்பு. பஸ் செலவும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. 2023 ஜூனில் கர்நாடகத்தில் சக்தி திட்டம் வந்த பிறகு அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; தமிழ்நாட்டு முகவரியோடு அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்ணுக்கு அது செல்லாது. ஆகவே எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் குறித்துக்கொண்டால் பயனில்லை. இந்த மையம் நீங்கள் தேர்ந்தெடுத்ததா, உங்களைக் கேட்காமல் மாற்றியதா என்று கேளுங்கள்.

மூன்று டப்பாவும் ஒரு பரணும்

எதை அளப்பது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். கோவிட் காலத்தில் பல மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவலானது. அலைச்சல் குறைந்தது, கூலி மிஞ்சியது; பெரும்பாலானவர்கள் வரவேற்றார்கள். உடனே "மூன்று மாத மருந்து பெறுவோர் சதவீதம்" என்று ஓர் அளவுகோல் பிறக்கிறது. சதவீதம் கூடக்கூட மையம் மனிதரை மையமாக வைத்து நடக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள்.

மாமியார் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இப்போது பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படுவது டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை; ஒரு டப்பாவில் முப்பது இருக்கும். பிளாஸ்டிக் டப்பா, மேலே பெயர் அச்சடித்த தாள். பையில் போட்டு நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். சத்தம் வராமலிருக்கப் பஞ்சு திணிக்கிறார்கள். ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் சுரண்டி எடுக்கிறார்கள். இன்னும் சிலர் பஸ் நிலையக் கழிப்பறையிலேயே மாத்திரைகளைப் பாலிதீன் கவரில் கொட்டி முடிந்துகொண்டு, டப்பாவை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஈரம் பட்டால் மாத்திரை கெடும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பாவை அரிசிப் பானையில் மறைக்கலாம். மூன்று டப்பாவுக்குப் பரண்தான் உண்டு, பரணில் மாமியார் கை வைப்பார். மூன்று மாத மருந்து இவருக்கு உதவியாக வரவில்லை, தொல்லையாக வந்திருக்கிறது. அறிக்கையில் மட்டும் இவர் சாதனைக் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

ஆகவே எண்ண வேண்டியது எத்தனை பேருக்கு மூன்று மாதம் கொடுத்தோம் என்பதை அல்ல, எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதை. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, மையம், மாதக் கணக்கு, துணைவரை அழைத்து வருவது எதுவானாலும் கொடுத்ததை எண்ணாதீர்கள், கேட்டதை எண்ணுங்கள்.

"திருப்தியா?" என்று கேட்காதீர்கள்

மருந்து வாங்கி வெளியே வருபவரிடம் "இங்கே திருப்தியா இருக்கா?" என்று கேட்டால், "நல்லாப் பாத்துக்கறாங்கங்க" என்றுதான் பதில் வரும். அதில் பொய் இல்லை. ஒரு காலத்தில் கைவிடப்பட்டவர், இலவசமாக உயிர் பிழைத்திருக்கிறார். நன்றி அவரைக் குறை சொல்ல விடாது. பயமும் இருக்கிறது, அடுத்த மாதமும் இதே கவுன்ட்டரில்தான் கை நீட்ட வேண்டும். அபிப்பிராயம் கேட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும். நடந்ததைக் கேட்டால் அப்படிச் சொல்வது கடினம். இன்றைக்கு, இந்த வருகையில், இது நடந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் பரிந்துரைக்கும் கேள்விகள் இவை:

"அக்கா, இன்னைக்கு உங்க பேரச் சொல்லியா கூப்பிட்டாங்க, டோக்கன் நம்பர் சொல்லியா? பக்கத்துல இருந்தவங்களுக்குக் கேட்டுதா?"

"டாக்டரோ கவுன்சிலரோ பேசும்போது அறையில வேற யாராவது இருந்தாங்களா?"

"கடைசியா எடுத்த வைரல் லோடு எவ்வளவு வந்ததுன்னு சொன்னாங்களா? அப்படின்னா என்னன்னு வெவரமாச் சொன்னாங்களா?"

"எத்தன மாசத்துக்கு மருந்து வேணும்னு உங்களக் கேட்டாங்களா? அடுத்த தேதிய யாரு முடிவு பண்ணுனது?"

"மாத்திர விட்டுப்போனதச் சொன்னாத் திட்டுவாங்கன்னு சொல்லாம விட்டது உண்டா?"

"தூக்கம், எடை, கால் எரிச்சல், மனக்கவலை, இதுல ஏதாவது ஒண்ணு பத்தியாவது அவங்களாக் கேட்டாங்களா?"

"கேக்கணும்னு நெனச்சுட்டு வந்து, கேக்காமத் திரும்பறது ஏதாவது இருக்கா?"

"வாங்குன டப்பாவ என்ன பண்ணப்போறீங்க?"

மூன்றாவது கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை வைரல் லோடு பார்க்க வேண்டும் என்பது தேசிய விதி. முடிவு கணினியில் ஏறுகிறது, அட்டையில் ஏறுகிறது, பல நேரம் அவர் காதில் மட்டும் ஏறுவதில்லை. தொடர்ந்து மருந்து சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து துணைக்குத் தொற்றாது என்பது உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயம். அதைத் தெரிந்துகொண்ட கணவனும் மனைவியும் வாழும் வாழ்க்கைக்கும், தெரியாமல் வாழும் வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வராது, எண்ணவும் முடியாது. ஆனாலும் கேளுங்கள். வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை நேராகக் கேட்டால் சொல்லத் தயங்குபவர், டப்பாவைப் பற்றிக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கேட்பவர் யார்?

மருந்து கொடுக்கும் கை கேள்வி கேட்கக் கூடாது. ஆலோசகர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், தன்னைப் பற்றிய பதிலை அவரே வாங்க முடியாது. இதற்கான பாடம் மைசூரிலேயே இருக்கிறது. மணிட்டோபா பல்கலைக்கழகத்தின் துணையோடு 2004இல் அங்கே தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புப் பணியிலிருந்து வளர்ந்தது ஆஷோதயா சமிதி; பாலியல் தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் அமைப்பு. பிற்காலத்தில் தொற்று வராமல் தடுக்கும் மாத்திரைத் திட்டத்தை அவர்களே முன்னின்று நடத்தியபோது, 600க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள், இடையில் நின்றவர்கள் மிகச் சிலரே. தன்னைப் போன்ற இன்னொருத்தி கதவைத் தட்டிக் கேட்டது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நாங்கள் நம்புகிறோம். உலக அளவிலும் இந்த வழி புதிதல்ல. எச்.ஐ.வி. உள்ளோர் படும் அவமதிப்பை அளக்கும் ஸ்டிக்மா இன்டெக்ஸ் என்ற கணக்கெடுப்பில், 2008இல் தொடங்கிய நாளிலிருந்தே, கேள்வி கேட்பவர்களும் எச்.ஐ.வி. உள்ளோர்தான்.

கொள்ளேகாலில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. ஊர் சிறியது. உள்ளூர் ஆளே கேட்டால், "இவருக்கும் நம்ம தெருவுக்கும் தொடர்பு உண்டே" என்று எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒருவரை வரவழைப்பது நல்லது. பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் அங்கே போகலாம். கேட்கும் இடம் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, ஆனால் மருந்து வழங்கும் ஜன்னல் கண்ணில் படாத மூலையாக இருக்கட்டும். வெளியே டீக்கடையில் வைத்துக் கேட்கவே கூடாது.

சீட்டும் கடிகாரமும்

காத்திருக்கும் நேரத்தை அளக்கக் கணினி தேவையில்லை. கைக்கடக்கமான சீட்டு ஒன்றை வாசலில் கொடுங்கள். அதில் பெயர் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், நான்கு கட்டம் போதும்: வந்த நேரம், ஆலோசகர் அறைக்குள் போனது, அங்கிருந்து வெளியே வந்தது, மருந்து வாங்கியது. ஒவ்வொரு மேசையிலும் பேனாவால் நேரத்தைக் குறித்துவிட்டால், வந்தவர் வெளியே போகும்போது சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

நாள் முடிவில் சராசரி போடாதீர்கள். காலை எட்டு மணிக்கே வந்து பத்து நிமிடத்தில் போனவர்கள், மதியம்வரை உட்கார்ந்திருந்தவரின் துன்பத்தைச் சராசரியில் மறைத்துவிடுவார்கள். சீட்டுகளைக் குறைந்த நேரத்திலிருந்து அதிக நேரம்வரை மேசைமேல் வரிசையாக அடுக்குங்கள். நடுவில் இருக்கும் சீட்டை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று சீட்டுகளைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூவரும் ஏன் அவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அன்றைக்கே விசாரித்தால், மாதக்கணக்கில் கூட்டம் போட்டும் தெரியாத ஒன்று தெரியவரும். ரத்தம் எடுக்க வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருப்பார்கள், திரும்பி வந்ததும் வரிசையின் வாலில் நிறுத்தியிருப்பார்கள்.

இந்தச் சீட்டு ஊழியர்களுக்கும் துணை நிற்கும். நம் நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசகர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். மூன்று மணி நேரம் மருத்துவமனையில் இருந்தவருக்கு ஆலோசனை கிடைத்தது நான்கு நிமிடம் என்று சீட்டில் வந்தால், குற்றவாளி அந்த ஆலோசகர் அல்ல. இன்னொரு ஆலோசகர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தோடு வைக்க வேண்டிய ஆதாரம் அது. இதை ஊழியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொடங்கினால் உளவு பார்க்க வந்ததாக நினைப்பார்கள். நினைப்பதில் தவறும் இல்லை.

வரிசையில் இல்லாதவர்கள்

வாசலில் நின்று கேட்கும் எந்தக் கணக்கெடுப்புக்கும் ஒரு ஓட்டை உண்டு: வந்தவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். மனம் வெறுத்து நின்றுபோனவர் அங்கே இருக்க மாட்டார். ஆகவே ஐந்து பேரில் ஒருவரை வாசலில் கேட்பது என்று வைத்துக்கொண்டால், மருந்து வாங்க வராமல் தவறியவர்கள் பட்டியலில் உள்ளவர்களிலும் சிலரைத் தேடிக் கேட்டாக வேண்டும். வீட்டுக்குப் போவதற்கு முன், தொடர்புகொள்ள எந்த வழியை அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒப்புதல் இல்லாத வீட்டு வாசலில் மருத்துவமனை ஆள் போய் நின்றால், தெரு முழுக்கச் சொன்ன மாதிரி. தேடிப் போனால் வேறொன்றும் தெரியவரும். ஜாம்பியாவில் இப்படித் தேடியபோது, தவறியவர்கள் என்று குறிக்கப்பட்ட பலர் யாரிடமும் சொல்லாமல் வேறு மையத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு பலர் இறந்துபோயிருந்தார்கள், பதிவேட்டுக்கு அது தெரியவில்லை. இரண்டு மாநில எல்லையில் இருக்கும் கொள்ளேகாலுக்கு இது நன்றாகப் பொருந்தும். வேறிடத்தில் மருந்து வாங்குபவர் கிடைத்தால், இங்கிருந்து எது அவரைத் துரத்தியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பதில், வரிசையில் நின்ற பத்துப் பேரின் பதிலுக்குச் சமம்.

எண்களை வெளியிடும் முறை

முப்பது பேரிடம் கேட்டு, ஒன்பது பேர் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள் என்று சொன்னால், 30க்கு 9 என்று எழுதுங்கள், 30 சதவீதம் என்று எழுதாதீர்கள். சின்னக் கணக்கைச் சதவீதமாக்கினால் அடுத்த முறை இரண்டு பேர் மாறியதைப் பெரிய முன்னேற்றம் என்று யாராவது கொண்டாடுவார்கள். பெண்கள், ஆண்கள், திருநங்கைகள், தமிழ் பேசுவோர், கன்னடம் பேசுவோர் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மரியாதை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் போடாதீர்கள். "ஹனூர், திருநங்கை, ஒருவர்" என்று எழுதினால் அது பெயரை எழுதியதாகவே ஆகும்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய நிலையை வெளியிடுவது சட்டப்படி தவறு. தகவலைப் பாதுகாக்கும் கடமை நம் சீட்டுப் பெட்டிக்கும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே "பிரசவத்துக்குச் சேர்க்க மாட்டேன்னாங்க" என்றோ, "என் விஷயத்தைப் பக்கத்து பெட்காரங்ககிட்டச் சொல்லிட்டாங்க" என்றோ ஒருவர் சொன்னால், அதைக் கேள்வித்தாளில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது, அது புகார். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனம் ஒவ்வொன்றிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநில அளவில் குறைதீர்ப்பாளர் உண்டு. மருத்துவ அவசரம் என்றால் அவர் விரைவாக, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், உத்தரவிட வேண்டும். எழுத உதவி தேவைப்பட்டால் உடனிருந்து எழுதிக் கொடுங்கள். 1097 என்ற இலவச எண்ணையும் கையில் கொடுத்தனுப்புங்கள். புகார் செய்ய அவர் விரும்பவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முடிவுகளை முதலில் பார்க்க வேண்டியவர்கள் பதில் சொன்னவர்கள். காத்திருக்கும் இடத்துச் சுவரில், இரண்டு மொழியிலும், மூன்றே வரி: என்ன சொன்னீர்கள், எதை மாற்றினோம், எதை இன்னும் மாற்ற முடியவில்லை, ஏன். எச்.ஐ.வி. என்ற எழுத்து அதில் வர வேண்டாம்; அந்தச் சுவரை வேறு நோயாளிகளும் பார்க்கிறார்கள். பெயருக்குப் பதில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்கு எந்த அனுமதியும் நிதியும் தேவையில்லை. அதையாவது அடுத்த வாரத்துக்குள் செய்துவிட்டு அப்புறம் சுவரில் ஒட்டுங்கள். ஒன்றும் மாறாமல் இரண்டாம் முறை கேள்வித்தாளோடு போனால் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளக்கும்போது தேதியைப் பார்த்து வையுங்கள். மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசைதோறும் கூட்டம் போகிறது. சிவராத்திரி, யுகாதி, தீபாவளித் திருவிழாக்களில் கொள்ளேகால் வழியாகப் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரங்களில் எடுத்த காத்திருப்பு நேரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட முடியாது. முதல் முறை செவ்வாய், வியாழன் என்றால் இரண்டாம் முறையும் அதே கிழமைகள், அதே நேரம், அதே கேள்விகள், வார்த்தை மாறாமல்.